அரசின் அளவைத் தீர்மானிப்பது எது? வருமானம், வாக்குரிமை, போர், இனப்பிளவு

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இலங்கையில் திரும்பத் திரும்பக் கேட்கும் பேச்சு, அரசாங்கம் அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது என்பதுதான். அரச ஊழியர்கள் அதிகம், நட்டத்தில் ஓடும் கூட்டுத்தாபனங்கள் அதிகம், ஆகவே அரசைச் சுருக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் மற்ற நாடுகளின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் படம் மாறுகிறது. பிரான்ஸ் அரசின் மொத்தச் செலவு அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 57 சதவீதம். இலங்கையில் அது 20 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 இல் இலங்கை அரசு திரட்டிய வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 8 சதவீதம் மட்டுமே. உலகிலேயே மிகக் குறைவாக வருமானம் திரட்டிய அரசுகளில் அதுவும் ஒன்று.

அப்படியானால் எமது அரசு பெரியதா, சிறியதா? வடக்கு கிழக்கில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. முகாம்களையும் சோதனைச் சாவடிகளையும் காணி தொடர்பான வர்த்தமானி அறிவித்தல்களையும் பார்த்தால் அரசு மிகப் பெரிது. ஆளணி போதாத கிராமிய வைத்தியசாலையில் காத்திருப்பவருக்கு அதே அரசு மிகச் சிறிது.

ஓர் அரசு எவ்வளவு பெரிதாக வளரும், எந்தப் பக்கத்தில் வளரும் என்பதை எவை தீர்மானிக்கின்றன? ஒன்றரை நூற்றாண்டாகப் பொருளியலாளர்களும் அரசியல் அறிஞர்களும் ஆராய்ந்துவரும் கேள்வி இது. அவர்கள் கண்ட பதில்களில் முக்கியமானவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

எதை அளக்கிறோம்?

அரசின் அளவைக் குறிக்க வழக்கமாகப் பயன்படுத்துவது ஒரே ஒரு சதவீதம். மத்திய அரசு, மாகாணங்கள், உள்ளூராட்சி சபைகள், சமூகப் பாதுகாப்பு நிதியங்கள் எல்லாம் ஓராண்டில் செலவிடும் தொகையைக் கூட்டி, நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிடுவார்கள். நாடுகளை ஒப்பிட இது வசதியான அளவுகோல். ஆனாலும் பலவற்றை இது காட்டாது.

முதலாவது, ஆளணி. நோர்வேயில் வேலை செய்பவர்களில் நூற்றுக்கு 30 பேர் அளவில் அரச துறையில் இருக்கிறார்கள். ஜப்பானில் அது நூற்றுக்கு 5 பேர் அளவுதான். செலவுச் சதவீதத்தில் இவ்விரு நாடுகளுக்கும் இடையில் இவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. ஜப்பானில் வைத்தியசாலைகளில் பெரும்பாலானவை தனியார் வசம் உள்ளன, ஆனால் கட்டணத்தின் பெரும்பகுதியைப் பொதுக் காப்புறுதி செலுத்துகிறது. பணம் பொதுப் பணம், ஊழியர் மட்டும் அரச ஊழியர் அல்ல.

இரண்டாவது, உடைமையும் கட்டாயமும். சிங்கப்பூர் அரசின் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 20 சதவீதத்துக்கும் குறைவு. இதைக் காட்டி அதைச் 'சிறிய அரசு' என்று புகழ்பவர்கள் உண்டு. அங்கு நிரந்தரமாக வசிப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் அரச வீடமைப்புச் சபை கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். நிலத்தின் பெரும்பகுதி அரசுடையது. தொழிலாளர் ஒவ்வொருவரும் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்டாயச் சேமிப்பு நிதியத்தில் வைப்பிட வேண்டும். இவையெதுவும் செலவுச் சதவீதத்தில் முழுமையாகத் தெரிவதில்லை.

இலங்கைக்கும் இது பொருந்தும். நாட்டின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரச காணி என்று கணிக்கப்படுகிறது. ஆகவே உறுதியில்லாமல் குடியிருக்கும் குடும்பத்துக்கும், மீள்குடியேறக் காத்திருக்கும் குடும்பத்துக்கும், வனவளத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டிய வயலின் சொந்தக்காரருக்கும் அரசு என்பது வரவு செலவுத் திட்டத்தில் உள்ள ஒரு சதவீதத்தைவிட மிகப் பெரிய ஒன்று.

செல்வம் கூடினால் அரசும் வளரும்

இந்த ஆய்வுத் துறையின் மிகப் பழைய விதி, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியப் பொருளியலாளர் அடொல்ப் வாக்னர் சொன்னது. ஒரு சமூகம் தொழில்மயமாகிச் செல்வந்தமாகும்போது அரசின் பங்கும் கூடும் என்றார் அவர். நகரங்கள் பெருகினால் வடிகாலும் பொலிஸும் நீதிமன்றமும் கூடுதலாக வேண்டும். குடும்பமும் உறவும் செய்த பராமரிப்பைப் பொது நிறுவனங்கள் ஏற்க வேண்டிவரும். கையில் காசு சேரச் சேர மக்கள் கல்வியையும் சுகாதாரத்தையும் அதிகமாகக் கேட்பார்கள்.

வரலாறு பெருமளவில் அவர் பக்கம் நின்றது. இன்றைய செல்வந்த நாடுகளில் 1870 ஆம் ஆண்டளவில் அரசின் செலவு சராசரியாக மொத்த உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குதான். முதலாம் உலகப் போருக்கு முன்புவரை அது பெரிதாகக் கூடவில்லை. 1960 இல் கால் பங்கைத் தாண்டியது. 1980 இல் 40 சதவீதத்தைக் கடந்தது.

இதற்கு இரண்டு துணைக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் போமோல் 1960களில் விளக்கியது. புதிய இயந்திரம் வந்தால் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஒருவர் ஒரு நாளில் தைக்கும் சட்டைகள் பல மடங்காகலாம். ஆனால் ஓர் ஆசிரியை 40 பிள்ளைகளுக்கு ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுக்க எடுக்கும் நேரம் அன்றும் இன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். தொழிற்சாலைச் சம்பளம் உயரும்போது ஆசிரியைக்கும் உயர்த்தாவிட்டால் பாடசாலைக்கு ஆள் கிடைக்காது. ஆகவே கல்வி, மருத்துவம், முதியோர் பராமரிப்பு ஆகியவற்றின் செலவு காலப்போக்கில் ஏறிக்கொண்டே போகும். அரசுகள் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

மற்றது முதுமை. மக்கள் தொகையில் முதியோர் பங்கு கூடும்போது ஓய்வூதியமும் மருத்துவச் செலவும் தாமாகவே கூடும். 65 வயதைத் தாண்டியோர் நூற்றுக்கு 29 பேர் அளவில் இருக்கும் ஜப்பானில், எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்தச் செலவைக் குறைப்பது கடினம்.

ஆனால் செல்வம் மட்டும் காரணமாக இருந்தால் அமெரிக்காவும் பிரான்ஸும் ஒரே அளவான அரசைக் கொண்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் தலா வருமானம் பிரான்ஸைவிட அதிகம், அரசின் செலவுச் சதவீதமோ ஏறத்தாழ 20 புள்ளிகள் குறைவு. மற்றக் காரணிகள் இங்கேதான் வருகின்றன.

யாருக்கு வாக்கு இருக்கிறது?

வாக்குரிமை பரவப் பரவ அரசு வளரும் என்பது இன்னொரு விளக்கம். 1981 இல் அலன் மெல்ட்சர், ஸ்கொட் ரிச்சர்ட் ஆகிய இருவரும் இதை ஒரு கணித மாதிரியாக எழுதினார்கள். சொத்துள்ளவர்களுக்கு மட்டும் வாக்கு இருக்கும்வரை அரசு வரியைக் குறைவாக வைத்திருக்கும். சராசரிக்குக் குறைவாக உழைப்பவர்கள் வாக்காளர்களில் பெரும்பான்மையானால் வரியும் பகிர்வும் கூடும்.

இலங்கை இதற்கு நல்ல உதாரணம். 1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. குடியேற்ற ஆட்சியில் இருந்த ஆசிய நாடுகளில் அது மிக முந்தியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் இலவசக் கல்வி, விரிவான அரச வைத்தியசாலைகள், உலகப் போர்க்கால அரிசிப் பங்கீடு எல்லாம் வந்து சேர்ந்தன. போர் முடிந்த பின்னரும் கூப்பன் அரிசி நிற்கவில்லை. 1953 இல் டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் மானியத்தை வெட்டி ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. சில வாரங்களில் பிரதமர் பதவி விலகினார். கொடுத்ததைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதை அதன்பின் வந்த அரசாங்கங்கள் நன்றாகவே நினைவில் வைத்திருந்தன.

இதே விளக்கத்தின் மறுபக்கத்தையும் எமது வரலாறு காட்டுகிறது. வாக்கு இல்லாதவரிடம் அரசு வருவதில்லை. 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரின் வாக்கைப் பறித்தன. இலவசக் கல்வி நாட்டின் பெருமையாகப் பேசப்பட்ட அந்தக் காலத்தில் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் இருந்தன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில். தோட்ட வைத்தியசாலைகளைப் பொறுப்பேற்கும் பணி இன்றும் முழுமையடையவில்லை. இலங்கையின் நலன்புரி அரசு எவ்வளவு பெரிது என்று கேட்டால், யாருக்கு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

போர் அரசைப் பெருப்பிக்கும்

1961 இல் அலன் பீகொக், ஜக் வைஸ்மன் ஆகிய இருவரும் 1890 முதல் 1955 வரையான பிரித்தானிய அரசின் செலவை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார்கள். 1890 இல் தேசிய உற்பத்தியில் சுமார் 9 சதவீதமாக இருந்த செலவு 1955 இல் சுமார் 37 சதவீதமாகியிருந்தது. இந்த உயர்வு சீரான ஏற்றமாக இருக்கவில்லை, படிக்கட்டுப் போல இருந்தது. ஒவ்வொரு உலகப் போரிலும் செலவு திடீரென உயர்ந்தது. போர் முடிந்ததும் சற்று இறங்கியது. ஆனால் பழைய இடத்துக்கு ஒருபோதும் திரும்பவில்லை.

அவர்களுடைய விளக்கம் எளிமையானது. சமாதான காலத்தில் மக்கள் ஓரளவுக்கு மேல் வரியைப் பொறுக்க மாட்டார்கள். போர் அந்த எல்லையைத் தள்ளிவைக்கிறது. கூடிய வரி பழகிப்போகிறது. போர் முடிந்த பின்னர் அந்தப் பணத்தை அரசு வேறு வேலைகளுக்குத் திருப்புகிறது. பழைய செலவின் இடத்தைப் புதிய செலவு பிடித்துக்கொள்வதால் இதற்கு 'இடப்பெயர்வு விளைவு' என்று பெயர் வந்தது. எமக்கு வேறொரு பொருளில் பழகிப்போன சொல் இது.

பிரித்தானியாவில் வருமான வரியின் அடிப்படை வீதம் 1914 இல் சுமார் 6 சதவீதம். 1918 இல் 30 சதவீதம். 1920களின் நடுப்பகுதியில் 20 சதவீதத்துக்கு இறங்கியது, 6 சதவீதத்துக்கு இறங்கவேயில்லை. அமெரிக்காவில் 1939 இல் வருமான வரி செலுத்தியவர்கள் சுமார் 40 இலட்சம் பேர். 1945 இல் 4 கோடிக்கு மேல். சம்பளம் கைக்கு வருமுன்னே வரியைக் கழித்துக்கொள்ளும் முறையை அமெரிக்கா 1943 இலும் பிரித்தானியா 1944 இலும் கொண்டுவந்தன. இன்று அது உலகெங்கும் உள்ள வழக்கம்.

இந்த வரிப் பணம் எங்கே போனது என்பதுதான் கதையின் முக்கிய பகுதி. பிரித்தானியாவில் போர் நடந்துகொண்டிருந்த 1942 இலேயே பெவரிட்ஜ் அறிக்கை வெளிவந்தது. வேலையின்மை, நோய், முதுமை ஆகிய மூன்றிலும் அரசு மக்களைத் தாங்க வேண்டும் என்றது அது. 1944 இல் கல்விச் சட்டம், 1948 ஜூலையில் தேசிய சுகாதார சேவை. சண்டைக்குப் பிள்ளைகளை அனுப்பிய, குண்டு மழையில் இருந்த மக்களிடம் "இனி உங்கள் பாட்டைப் பாருங்கள்" என்று எந்தக் கட்சியாலும் சொல்ல முடியவில்லை. எல்லாரும் சேர்ந்து பட்ட துன்பத்துக்கு எல்லாருக்குமான அரசு ஈடாக வந்தது.

எல்லாப் போரும் ஒன்றல்ல

போர்தான் ஐரோப்பிய அரசுகளைக் கட்டியது என்ற கருத்தை சார்ள்ஸ் டில்லி என்ற சமூகவியலாளர் பிரபலமாக்கினார். சண்டைக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு வரி வேண்டும், வரிக்குக் கணக்காளரும் பதிவேடும் நிர்வாகமும் வேண்டும், வரி கட்டுபவனோடு பேரம் பேச நாடாளுமன்றம் வேண்டும். இப்படியே அரசு வளர்ந்தது என்பது அவருடைய வாதம்.

இதை லத்தீன் அமெரிக்காவில் வைத்துப் பார்த்தவர் மிகேல் சென்டெனோ. அங்கும் போர்கள் நடந்தன. ஆனால் வலுவான அரசுகள் உருவாகவில்லை. 2002 இல் வெளிவந்த தனது நூலில் அவர் சொன்ன காரணம், அந்த அரசுகள் போருக்கான பணத்தை வெளிநாட்டுக் கடனிலும் சுங்க வரியிலும் தேடின என்பதாகும். செல்வந்தரிடம் நேரடியாக வரி கேட்கவில்லை. மக்களோடு பேரம் பேச வேண்டிய தேவை வரவில்லை. போரின் பல முகங்கள் வெளி எதிரியைவிட உள்நாட்டு மக்களையே நோக்கியிருந்தன. முடிவில் மிஞ்சியவை கடனும் பலவீனமான அரசும்.

வெளிப் பணத்தில் பெருத்த அரசுக்கு மிக அண்மைய உதாரணம் ஆப்கானிஸ்தான். 2021 க்கு முந்திய ஆண்டுகளில் அங்கு அரச செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெளிநாட்டு உதவியில் நடந்தது. ஓகஸ்ட் 2021 இல் உதவி நின்றதும் ஆசிரியருக்கும் தாதியருக்கும் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் போனது.

இலங்கையின் போர் எந்த வகை? பிரித்தானிய வகையைவிடச் சென்டெனோ சொன்ன வகைக்கே அது நெருக்கமானது. 1990களின் தொடக்கத்தில் தேசிய பாதுகாப்பு வரி கொண்டுவரப்பட்டது. அது வருமானத்தின் மீதான வரியல்ல, விற்பனையின் மீதான வரி. பொருள் வாங்கிய எல்லாரும் அதைச் செலுத்தினார்கள், குண்டு விழுந்த ஊர்களில் இருந்தவர்களும்தான். 1990களின் நடுப்பகுதியில் பாதுகாப்புச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 5 சதவீதத்தைத் தொட்டது. 2002 இல் அந்த வரியும் பொருட்கள் சேவைகள் வரியும் நீக்கப்பட்டு அவற்றின் இடத்துக்குப் பெறுமதி சேர் வரி, அதாவது 'வற்' வந்தது. இன்று சவர்க்காரம் வாங்கும்போது நாம் கட்டும் வரியின் பரம்பரையில் ஒரு போர் வரியும் இருக்கிறது. பீகொக்கும் வைஸ்மனும் சொன்ன படிக்கட்டு இங்கும் உண்டு.

ஆனால் மொத்த வருமானம் அந்தப் படிக்கட்டில் ஏறவில்லை. 1990களின் தொடக்கத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 20 சதவீதத்தை ஒட்டியிருந்த அரச வருமானம், போர்க்காலத்திலும் அதன் பின்னரும் தேய்ந்துகொண்டே வந்தது. வருமானத்துக்கும் சொத்துக்குமான நேரடி வரி மெலிந்தே இருந்தது. பற்றாக்குறையைக் கடன் நிரப்பியது. 2019 டிசம்பரில் வற் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக வெட்டியதோடு வருமானம் சரிந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று நாடு அறிவித்தது.

பணம் சுருங்கியபோதும் போர் உருவாக்கிய ஆளணி சுருங்கவில்லை. 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு வெளியிட்ட அறிவித்தலின்படி தரைப்படையின் ஆளணி இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேல். போர் முடிந்து 13 ஆண்டுகளுக்குப் பின்னரான கணக்கு இது. பிரித்தானியாவின் நிரந்தரத் தரைப்படை 80,000 க்கும் குறைவு. 2024 க்குள் 135,000 ஆகவும் 2030 க்குள் ஒரு இலட்சமாகவும் குறைப்பதாக அதே அறிவித்தல் சொன்னது. 2016 இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் முப்படையினர் தவிர்ந்த அரச, அரைசார் அரச ஊழியர்கள் சுமார் 11 இலட்சம் பேர் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

போருக்குப் பிந்திய அரசு வன்னியில் எந்த உருவத்தில் வந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பண்ணைகளையும் முன்பள்ளிகளையும் நடத்தியது. காங்கேசன்துறையில் இராணுவம் உல்லாச விடுதி நடத்தியது. கல்வியும் விவசாயமும் வேலைவாய்ப்பும் ஒரு சிவில் நிர்வாகத்தின் வேலைகள். அவை சீருடை அணிந்து வந்தால் கணக்கில் அரசு பெரிதாகத் தெரியும், ஆனால் மக்கள் உரிமையோடு கேள்வி கேட்கக்கூடிய அரசு அதனால் வளர்வதில்லை.

வர்த்தகம், நாட்டின் பருமன், அரசியலமைப்பு

வெளிநாட்டு வர்த்தகம் அதிகமுள்ள நாடுகளில் அரசு சிறிதாக இருக்கும் என்றே பலரும் எண்ணுவார்கள். 1998 இல் டானி ரொட்ரிக் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் தரவுகளை வைத்து இதற்கு நேரெதிரானதைக் காட்டினார். உலகச் சந்தையில் விலை விழுந்தால் வேலை போகும். அந்த ஆபத்தைத் தாங்க மக்கள் அரசிடம் பாதுகாப்புக் கேட்பார்கள். டென்மார்க், சுவீடன், நெதர்லாந்து போன்ற சிறிய, திறந்த பொருளாதாரங்களில் பெரிய நலன்புரி அரசுகள் இருப்பது இதனால் என்றார் அவர். இலங்கையில் தேயிலையும் ஆடையும் மத்திய கிழக்குக்குப் போகும் பெண்களும் இதே ஆபத்தைத்தான் சுமக்கிறார்கள். வேலையின்மைக் காப்புறுதி மட்டும் வரவில்லை. ஆபத்து இருந்தால் மட்டும் போதாது, அதைச் சுமப்பவர்களுக்கு அமைப்புப் பலமும் வேண்டும்.

நாட்டின் பருமனும் ஒரு காரணி. ஒரு நாடாளுமன்றம், ஒரு மத்திய வங்கி, ஒரு வெளிநாட்டமைச்சு ஆகியவை சிறிய நாட்டுக்கும் வேண்டும், பெரிய நாட்டுக்கும் வேண்டும். செலவைப் பகிரும் தலைகள் குறைந்தால் ஒவ்வொருவர் மீதும் விழும் பங்கு கூடும். அல்பேர்ட்டோ அலெசினா, ரொமெய்ன் வாக்ஸியார்க் ஆகியோர் 1998 இல் இதைத் தரவுகளோடு காட்டினார்கள். பசுபிக் தீவு நாடான துவாலுவில் அரச செலவு சில ஆண்டுகளில் உள்நாட்டு உற்பத்தியையே தாண்டியிருக்கிறது. மீன்பிடி அனுமதிக் கட்டணமும் வெளி உதவியும் அதைத் தாங்குகின்றன.

அரசியலமைப்பு பற்றி டோர்ஸ்டன் பேர்சன், கிடோ டபெலினி ஆகியோரின் 2003 ஆம் ஆண்டு நூல் அதிகம் பேசப்பட்டது. ஜனாதிபதி முறை உள்ள நாடுகளில் அரசு நாடாளுமன்ற முறை நாடுகளைவிடச் சிறிதாகவும், விகிதாசாரத் தேர்தல் முறை உள்ள நாடுகளில் தொகுதிவாரி முறை நாடுகளைவிடப் பெரிதாகவும் இருக்கக் கண்டார்கள். ஒவ்வொன்றிலும் வித்தியாசம் உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளிகள். 1978 அரசியலமைப்பின் மூலம் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்ட இலங்கையில் இவை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன.

அதிகாரப் பகிர்வு இங்கே தனியாகச் சொல்லப்பட வேண்டும். டென்மார்க்கில் பொதுச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உள்ளூராட்சி மட்டத்தில் நடக்கிறது. பெரிய அரசு என்றாலும் அது வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு. இலங்கையில் 1987 இன் 13 ஆவது திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியது. ஆனால் மத்திய அமைச்சு விலகவில்லை. தேசிய பாடசாலை ஒருபுறம், மாகாணப் பாடசாலை மறுபுறம். மாவட்டச் செயலகம் ஒரு வழி, மாகாணத் திணைக்களம் இன்னொரு வழி. மாகாணங்கள் தாமாகத் திரட்டும் வருமானம் சிறிது, மீதிக்குக் கொழும்பைப் பார்க்க வேண்டும். வட மாகாண சபைக்கு 2013 இல் முதல் தேர்தல் நடந்தது, 2018 ஒக்டோபரில் காலம் முடிந்ததும் ஆட்சி ஆளுநர் கைக்குப் போனது. அலுவலகங்கள் இரட்டித்தன, அதிகாரம் பகிரப்படவில்லை. அரசு பெருத்ததற்கு இதுவும் ஒரு காரணம், ஆனால் அரசைச் சுருக்குவது பற்றிய பேச்சில் இது அரிதாகவே வருகிறது.

இனப்பிளவு விதியா?

அமெரிக்க அரசு ஏன் ஐரோப்பாவைவிடச் சிறிது என்ற கேள்விக்கு அலெசினாவும் எட்வர்ட் கிளேசரும் 2004 இல் கொடுத்த பதிலில் இனம் மையமாக இருந்தது. தன் வரிப் பணம் 'மற்றவர்களுக்கு'ப் போகிறது என்று பெரும்பான்மை நினைக்கும் இடத்தில் பொதுப் பகிர்வுக்கு ஆதரவு குறையும் என்றார்கள். அதற்கு முன் 1999 இல் வந்த ஓர் ஆய்வு, இனப் பிளவு கூடிய அமெரிக்க நகரங்களில் பாடசாலை, வீதி, வடிகால் போன்றவற்றுக்குச் செலவில் கிடைக்கும் பங்கு குறைவு என்று காட்டியது.

இதை வாசிக்கும்போது பல இனங்கள் வாழும் நாட்டுக்கு இதுதான் தலைவிதி என்று தோன்றலாம். எட்வர்ட் மிகேல் 2004 இல் வெளியிட்ட ஆய்வு அதை மறுக்கிறது. கென்யாவில் ஒரு மாவட்டத்தையும் அருகிலுள்ள தன்சானியாவில் ஒரு மாவட்டத்தையும் அவர் ஒப்பிட்டார். இரண்டிலும் பல இனங்கள், ஒரேயளவான வறுமை. கென்யப் பகுதியில் இனக் கலப்புக் கூடிய ஊர்களில் பாடசாலைக்குச் சேரும் உள்ளூர் நிதி குறைவு. தன்சானியப் பகுதியில் அப்படி ஒரு வித்தியாசம் இல்லை. எந்த இனத்துக்கும் தனிச் சொந்தமல்லாத சுவாஹிலியைப் பொது மொழியாக்கியது, பாடத்திட்டத்தைப் பொதுவாக்கியது, வளங்களைப் பகிர்ந்தது என்று தன்சானியா பல தசாப்தங்களாக எடுத்த அரசியல் முடிவுகளில் காரணத்தைக் கண்டார் மிகேல். இனங்கள் பலவாக இருப்பதால் மட்டும் பொது அரசு சிறுப்பதில்லை. ஓர் இனத்தின் அரசு என்று அது ஆக்கப்படும்போதே சிறுக்கிறது. 1956 இல் ஒரு மொழியை மட்டும் அரச கரும மொழியாக்கிய நாட்டுக்கு இதில் விளங்காமல் போக எதுவுமில்லை.

ஒரு மாற்றுப் பாதை

உள்நாட்டுப் போருக்குப் பின் அரசு வேறு திசையில் வளர முடியும் என்பதற்குக் கொஸ்டாரிகாவைப் பார்க்கலாம். 1948 இல் அங்கு ஆறு வாரங்கள் நீடித்த உள்நாட்டுப் போர் நடந்தது. அதில் வென்ற ஹொசே ஃபிகெரெஸ் அதே ஆண்டு டிசம்பரில் இராணுவத்தையே கலைத்தார். 1949 அரசியலமைப்பு அதை உறுதிசெய்தது. அடுத்த தசாப்தங்களில் பாடசாலைகளும் சமூகக் காப்புறுதியும் மருத்துவ சேவையும் நாடெங்கும் விரிந்தன. கொஸ்டாரிகா குறையற்ற நாடல்ல. 1980களின் தொடக்கத்தில் அதுவும் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் தவித்தது. எமது போரின் நீளமும் அழிவும் வேறு. ஆனாலும் வென்றவர்கள் தமது படையையே கலைத்தார்கள் என்பது, போர் முடிந்த பின் அரசு எந்தப் பக்கம் வளரும் என்பது மனிதர் எடுக்கும் முடிவு என்பதற்குச் சாட்சி.

இனி என்ன கேட்பது?

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டொலர் திட்டத்தை அங்கீகரித்ததிலிருந்து இலங்கை அரசு உண்மையில் வளர்ந்துகொண்டிருக்கிறது, வருமானப் பக்கத்தில். 2025 இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 15 சதவீத வருமானம் என்பது இலக்காக இருந்தது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். ஒரு பணக்காரரும், கணவரைத் தேடிக்கொண்டே குடும்பத்தைத் தாங்கும் ஒரு பெண்ணும் அதே 18 சதவீதத்தைத்தான் கட்டுகிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் அரசு பெரிதா சிறிதா என்ற விவாதத்தோடு நின்றுவிடாமல் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. கூடிய வருமானத்தில் நேரடி வரியின் பங்கு என்ன? படையின் ஆளணி அறிவித்தபடி குறைந்ததா, அதில் மிஞ்சிய பணம் எங்கே போனது? வடக்கு கிழக்குக்கும் மலையகத்துக்கும் ஒதுக்கிய தொகையில் ஆண்டு முடிவில் உண்மையில் விடுவிக்கப்பட்டது எவ்வளவு? அதைச் செலவிடும் முடிவு தெரிவு செய்யப்பட்ட சபையின் கையிலா, ஆளுநரின் கையிலா, சீருடைக்காரரின் கையிலா? அரச காணியில் எவ்வளவு மக்களிடம் திரும்பியது?

போர் எமது அரசின் உருவத்தை மாற்றியது. அதற்கான விலையை நாம் வரியாகவும் உயிராகவும் காணியாகவும் கொடுத்தோம். அந்த அரசில் எந்தப் பகுதி சுருங்க வேண்டும், எந்தப் பகுதி வளர வேண்டும் என்று சொல்லும் உரிமை எமக்கும் உண்டு.